உள்ளேயிருந்து திறக்காத கதவு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரைவர் தம்பிகள் மூன்று பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். "அண்ணே, இத்தனை வருசம் ஓட்டியிருக்கீங்க, ஒரு எக்சிடன் இல்ல. எந்த வளைவுல கவனமா இருக்கணும், மிஸ்டு விழுந்தா என்னா செய்யணும், சொல்லுங்கண்ணே" என்றார்கள். வளைவைப் பற்றி நான் என்ன சொல்வது? டயகமையிலிருந்து தலவாக்கலைக்கு ஆறு மாதம் போய்வந்தால் ரோடே உங்களுக்குச் சொல்லித் தந்துவிடும். ரோடு சொல்லித் தராத ஒன்று இருக்கிறது, அது வண்டியின் கதவு. நான் இதைச் சொன்னதும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

தோட்டத்து மேனேஜர் துரைக்கு, இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த தட்டும் உள்ள புது டபுள் கெப் வந்தபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு. அதுவரை நான் ஓட்டியது கொழுந்து லொறி. அதன் கதவு ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும், இரண்டு தட்டுத் தட்டினால் மூடும். சாவி என்பது பேருக்குத்தான். புது வண்டிக்கோ தடித்த கறுப்புச் சாவி, அதில் இரண்டு பொத்தான். தூர நின்று அமுக்கினால் 'டிக்' என்று நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும், விளக்குகள் கண்ணைச் சிமிட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்தாலும் சாவியை மேசையில் வைக்க மாட்டேன், கையிலேயே வைத்துக்கொண்டு திரிவேன். "அதையும் சோத்துல போட்டுப் பெசஞ்சு தின்னுங்க" என்பாள் என் மனைவி.

ஆடினவனுக்கு ஓர் அடி விழத்தானே வேண்டும்? முதல் வாரமே விழுந்தது. வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டுக்கு எல்லோரும் கூடி நிற்கிற நேரம். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடி துடைக்க இறங்கினேன். கதவுக் குமிழைத் தெரியாமல் அமுக்கிவிட்டு, லொறிப் பழக்கத்தில் ஓங்கிச் சாத்தினேன். சாவி உள்ளே, நான் வெளியே, வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. கூடையோடு நின்ற பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "என்னா தம்பி, ஒங்கள எறக்கி விட்டுட்டு வண்டி தனியா மலைக்குப் போகப் போகுதா?"

பெரட்டுக்களமே சிரித்தது. கடைசியில் துரையே பங்களாவிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். வண்டி கைக்கு வந்த அன்றே, இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அன்று என்னைக் கேலி செய்த அந்தக் குரல்தான் பாக்கியம் அக்கா. அது அவருடைய உண்மையான பெயர் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும். ஐம்பது வயதிருக்கும், கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. மலையில் அவர் நிற்கும் நிரையில் வேலை செய்கிறவர்களுக்குச் சிரித்துச் சிரித்தே வயிறு வலிக்கும். கங்காணியும் அவர் வாய்க்குப் பயந்து தள்ளித்தான் நிற்பார்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் செய்த பிழை. துரைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒருநாள் தலவாக்கலைக்குப் போகும் வழியில், ஓடுகிற வண்டியில் சின்னவன் பின்கதவைத் திறந்துவிட்டான். நல்ல காலம், மூத்தவள் அவனைச் சட்டையோடு பிடித்துக்கொண்டாள். அன்றே நான் பின்கதவு இரண்டிலும் பிள்ளை லொக்கைப் போட்டேன். உங்களுக்குத் தெரியும், கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில், பூட்டுக்குக் கீழே, நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னக் குச்சி இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் உள்ளே இருந்து எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. வெளியே இருந்து திறந்தால்தான் உண்டு.

அந்தப் பிள்ளைகள் படிப்புக்காகத் தாயோடு கொழும்புக்குப் போய்விட்டார்கள். லொக் அப்படியே கிடந்தது. நாலு மாதம் அது யாருக்குமே தெரியவில்லை. எப்படித் தெரியும்? பின்சீட்டில் ஏறியவர்களெல்லாம் துரையின் விருந்தாளிகள். வண்டி நின்றதும் நானே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவேன். அதுதானே நமக்குப் பழக்கிய மரியாதை? உள்ளே இருந்து கைப்பிடியை இழுக்கிற வேலையே யாருக்கும் வரவில்லை.

ஒருநாள் காலை எட்டு மணி இருக்கும். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து தோட்ட ஆபிசுக்குப் போன் வந்தது. பாக்கியம் அக்காவின் மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல், பத்தரை மணிக்கு அம்புலன்சில் கண்டிக்கு மாற்றுகிறார்கள், தாய் வந்தால் கூடப் போகலாம் என்றார்கள். மகளுக்குச் சுமதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவள் புருசனுக்குக் கொழும்பில் கட்டட வேலை. அவன் இரவுக்குள் வந்து சேர்ந்தாலே பெரிய காரியம்.

சுமதிக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை. அன்று அவள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. "செத்த புள்ளைய நான் தனியாத்தாம்மா பாத்தேன்" என்று அவள் சொன்னதை, மலையில் எல்லோரையும் சிரிக்க வைக்கிற பாக்கியம் அக்கா என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். இந்தத் தடவை என்ன நடந்தாலும் உன் பக்கத்தில் இருப்பேன் என்று மகளின் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தாராம்.

தோட்டத்து அம்புலன்ஸ் வேறு நோயாளியோடு போயிருந்தது. "என்னோட வண்டிய எடு. ரெண்டு மணிக்கு நான் நுவரெலியா போகணும், அதுக்குள்ள வந்துரு" என்றார் துரை. கங்காணி மலைக்கு ஆள் அனுப்பினார். பாக்கியம் அக்கா கூடையை யாரிடமோ போட்டுவிட்டு, மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடிவந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. வந்தவர் நேரே வண்டியின் பின்தட்டில் ஏறப் போனார். நம் ஆட்கள் ஏறுகிற இடம் அதுதானே?

"அக்கா, உள்ளுக்கு ஏறுங்க."

"வேணாம் தம்பி, சீட்டு நனைஞ்சிரும். நான் பின்னுக்கே குந்திக்கிறேன்."

"கண்டிக்குப் போற ஆளு நடுங்கிக்கிட்டா போவீங்க? ஏறுங்க சுருக்கா!"

என் அதிகாரத்தைப் பாருங்கள். கதவைத் திறந்து அவரை உள்ளே ஏற்றி, நானே சாத்தினேன். அவர் சொன்னபடி பின்தட்டில் விட்டிருந்தால் குதித்து இறங்கியிருப்பார், இந்தக் கதையே இருந்திருக்காது. படங்கை விரித்து அதன்மேல் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். மலையில் அவ்வளவு வாய் பேசுகிறவர் வழி முழுக்க ஒரு சொல் பேசவில்லை. கண்ணாடியில் சாய்ந்தால் கறை படும் என்று நிமிர்ந்தே இருந்தார்.

பத்து மணிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். தூத்தல் போட்டது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். "அக்கா, இருங்க. எந்த வார்டுன்னு கேட்டுட்டு ஒடனே வந்துர்றேன்" என்றேன். இறங்கினேன், நடந்துகொண்டே சாவியை அமுக்கினேன். டிக். கை தானாகச் செய்தது. உள்ளே ஆள் இருக்கிறாரே என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

படியில் ஏறும்போது பழைய கூட்டாளி ஒருவனைக் கண்டேன். தலவாக்கலையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். "அடேய், புது வண்டியாமே!" என்றான். அவ்வளவுதான், அக்காவை மறந்தேன், வார்டை மறந்தேன். சாவியை எடுத்து அவனுக்குக் காட்டினேன். "இங்கருந்தே பாரு" என்று ஒரு தடவை திறந்து, ஒரு தடவை பூட்டிக் காட்டினேன். வண்டி விளக்குகள் இரண்டு முறை மின்னின. அவன் வாயைப் பிளந்தான். நான் அந்த வண்டியை நானே செய்த மாதிரி பேசிக்கொண்டு நின்றேன். பத்து நிமிசமோ, பதினைந்து நிமிசமோ. இதை எழுதும்போதும் எனக்குக் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிறகு வார்டைத் தேடிப் போனேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா கோ?" என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா எங்கே என்கிறார். சுமதிக்கு நிலைமை மோசமானதால் சொன்ன நேரத்துக்கு முன்பே கீழே கொண்டுபோய்விட்டார்களாம், இப்போதுதான் ஏற்றுகிறார்களாம். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். நான் வாசலுக்கு வரவும் அம்புலன்ஸ் கேட்டைத் தாண்டித் திரும்பவும் சரியாக இருந்தது.

எங்கள் வண்டிப் பக்கத்தில் செக்யூரிட்டிக்காரர் ஒருவர் நின்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து மங்கியிருந்தது. அதில் ஓரிடம் மட்டும் கையால் துடைத்துத் துடைத்துத் தெளிவாக இருந்தது. அந்த இடத்தில் பாக்கியம் அக்காவின் முகம் தெரிந்தது.

கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை. "போயிருச்சு தம்பி. என் கண்ணு முன்னுக்குத்தான் எம்மவளத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. இந்தா, இவ்வளவு தூரம்தான் இருக்கும்" என்று கையை நீட்டிக் காட்டினார்.

"அக்கா, ஏன் எறங்கல?"

"கைப்பிடிய இழுத்தேன், அது சும்மா வருது போகுது. குமிழைத் தூக்கிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. கண்ணாடியத் தட்டுனேன். மழையில யாரும் திரும்பல. இருங்கன்னு சொல்லி நீங்க பூட்டிட்டுப் போனீங்க. ஏதாச்சும் காரணம் இருக்கும்னு மொதல்ல சும்மாதான் இருந்தேன். லைட்டு வேற ரெண்டு தடவ மின்னிச்சி. எங்கயோ நின்னு என்னையப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"முன்னுக்கு வந்து ஹோன் அடிச்சிருக்கலாமே அக்கா!"

"தொரையோட சீட்டுல ஏறியா?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. தம்பிகளே, நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை 'இருங்க' என்கிறோம். வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னால் அது அன்பு. துரையின் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அது கட்டளை. துரையின் கார் வந்தால் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றவர்களின் பிள்ளைகள் நாம். அந்தச் சீட்டில் உட்கார்ந்தவருக்கு என் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அழுதுகொண்டு நிற்க நேரம் இல்லை. துரைக்குப் போன் எடுத்தேன். "தொரை, நான் வண்டியக் கண்டிக்குக் கொண்டுபோறேங்க."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. என்னோட பிழைங்க" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கூட்டாளிக்குச் சாவி காட்டியதையும் சொன்னேன். வேலை போச்சு என்று நினைத்தேன். கடைசியில், "ஓட்டு. ஆனா அம்புலன்சைத் துரத்தாத" என்றார்.

துரத்தத்தான் செய்தேன், மறைப்பானேன்? ஹட்டன் கடந்ததும் காலை அமுக்கினேன். வட்டவளைக்குக் கிட்ட மிஸ்டு மூடியிருந்தது. வளைவில் எதிரே பஸ் வந்தது, ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். பஸ்காரன் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனான். டிக்கோயாவிலிருந்து கிளம்பிய பிறகு முதல் தடவையாகப் பின்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, எம்மவகிட்ட நான் உசுரோட போயிச் சேரணும்."

வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, ஓரத்தில் இருந்த அந்தப் பிள்ளை லொக் குச்சியை நகத்தால் தள்ளினேன். அடுத்த பக்கத்திலும் தள்ளினேன். "அக்கா, இப்ப நீங்க தொறந்து பாருங்க" என்று கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்து திறந்தார். சாத்தினார். மறுபடி திறந்தார். நாலு தடவை செய்தார். ரோட்டோரத்தில், மிஸ்டுக்குள், நாங்கள் இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடியை இறக்குகிற சுவிட்சையும் காட்டினேன். பிறகு அவரே சொன்னார்: "இவ்வளவுதானா? இதுக்கா நான் அப்புடி அழுதேன்?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதன் பிறகு நிதானமாக ஓட்டினேன். கண்டி ஆஸ்பத்திரி வாசலில் வண்டி முழுசாக நிற்கும் முன்பே அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டார். கதவு திறந்தே கிடந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வெளியே காத்திருந்தேன். வேறு என்ன செய்ய? தாய் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பெண் தனியாக ஒப்பரேசனுக்குப் போயிருப்பாள். பிள்ளைக்கோ அவளுக்கோ ஒன்றானால் அக்காவின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்தச் சாவியை அன்று முதல் தடவையாகச் சட்டைப் பைக்குள் போட்டு வைத்தேன்.

நாலு மணிக்கு மேல் பாக்கியம் அக்கா வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிட்ட வந்து, "பொம்பளப் புள்ள. ரெண்டும் உசுரோட இருக்கு. புள்ளைய மட்டும் மெசினுக்குள்ள வச்சிருக்காங்க" என்றார். நான் அங்கேயே குந்திவிட்டேன். அவரும் பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க. சுமதிகிட்டயும் நானே வந்து சொல்லி மன்னிப்புக் கேக்குறேன்."

"வேணாம்" என்றார் சட்டென்று. "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அவ என்னா சொன்னா தெரியுமா? கண்ணு முழிச்சதும் எங் கையப் புடிச்சிக்கிட்டு, 'அம்மா, நீ வந்தத நான் பாத்தேம்மா. வண்டிக்குள்ள இருந்து கையக் காட்டுனியே. நான் வந்துட்டேன், பயப்புடாதன்னு காட்டுனியே. அதப் பாத்ததும் எனக்குப் பயமே போயிருச்சி. நீ பின்னாலயே வருவன்னு தெரியும்' அப்புடிங்கறா. நான் கதவத் தொறக்கச் சொல்லிக் கண்ணாடியில அடிச்சேன் தம்பி. அவ, நான் கையக் காட்டுனேன்னு நெனச்சிருக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஆமான்னு சொல்லிட்டேன். கையத்தான் காட்டுனேன். அப்புடியே இருக்கட்டும்."

இதை எழுதலாமா என்று இப்போது அவரிடம் கேட்டேன். "ஒங்க டிரைவர் பசங்களுக்குச் சொல்லுங்க, பேர மாத்திருங்க. எம்மவளுக்குத் தெரியக்கூடாது" என்றார். அதனால்தான் பெயர்கள் வேறு.

அன்றிலிருந்து என் வண்டியில் யார் ஏறினாலும், துரையாக இருந்தாலும் தொழிலாளியாக இருந்தாலும், ஓட்டத் தொடங்கும் முன் அவர் கையாலேயே ஒரு தடவை கதவைத் திறந்து சாத்தச் சொல்வேன். ஹோன் எங்கே என்று காட்டுவேன். ஆள் உள்ளே இருந்தால் சாவியை அமுக்க மாட்டேன். சிலர் என்னைக் கோட்டி பிடித்தவன் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்களும் செய்யுங்கள். வண்டியை ஓட்டுகிறவர் நாமாக இருக்கலாம், இறங்குவது ஏறியவருடைய உரிமை.

பன்னிரண்டு நாள் கழித்துச் சுமதியையும் பிள்ளையையும் கண்டியிலிருந்து கூட்டிவர துரை என்னைத்தான் அனுப்பினார். பாக்கியம் அக்காவும் சுமதியும் பின்சீட்டில். பிள்ளை பாட்டியின் மடியில் தூங்கியது. ஹட்டன் வந்ததும் சுமதி முன்பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, ஒங்களுக்கு நான் எப்புடி நன்றி சொல்றதுன்னே தெரியல. அன்னைக்கு நீங்க எங்கம்மாவ நேரத்துக்குக் கொண்டாந்து, நான் பாக்குற மாதிரி வாசல்லயே நிறுத்தி வச்சிருந்தீங்க. அம்மா மொகத்த மட்டும் பாக்கலைன்னா, நான் அன்னைக்கே செத்துப் போயிருப்பேண்ணே."

நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி" என்றார்.